மூன்றா, எட்டா

போன மாதம் என் ஸ்கூட்டருக்கு இன்ஷூரன்ஸ் முடிந்து நாலு நாள் ஆகிவிட்டது. நாலே நாள். அதற்குள் வண்டியை நேரில் பார்த்தால்தான் புதுப்பிப்போம் என்று ஒரு பையனை அனுப்பிவிட்டார்கள். அவன் செல்போனில் நாலு பக்கமும் படம் பிடித்தான். சேஸ் நம்பர் மட்டும் படத்தில் சரியாக விழவில்லை. எப்படித் திருப்பிப் பார்த்தாலும் வெளிச்சம் பட்டு மின்னியது. "ஐயா, ஒரு பென்சிலும் செல்லோடேப்பும் கிடைக்குமா?" என்றான்.

பேத்தியின் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நம்பர் மேல் பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்தான். டேப்பை ஒட்டி நகத்தால் நீவி, மெல்ல உரித்து, வெள்ளைத்தாளில் ஒட்டினான். கறுப்புக்கு நடுவே எண்கள் வெள்ளையாக நின்றன. அரை நிமிஷ வேலை. அவன் போய் வெகு நேரம் ஆகியும் எனக்கு அந்தக் கரித்தூள் வாசனை போகவில்லை. மூக்கில் அல்ல, வேறெங்கோ இருந்தது.

எங்கள் காலத்தில் டேப் கிடையாது. மெல்லிய தாளை வைத்துத்தான் தேய்ப்போம். காசு அச்சு எடுத்து விளையாடாத பிள்ளை உண்டா? தாளுக்குக் கீழே பத்துப் பைசாவை வைத்துத் தேய்த்தால் சிங்கத் தலை வரும். அந்த விளையாட்டில் நான் கொஞ்சம் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

பெரியப்பாவுக்கு சிறுமலையில் தோட்டம் இருந்தது. வாழை, எலுமிச்சை, கொஞ்சம் காப்பி. வீடு கீழே, திண்டுக்கல் நாகல் நகர்ப் பக்கம். அப்போதெல்லாம் மலைச் சரக்கு பொதிக் குதிரையில்தான் இறங்கும். வழுக்கல் பாதையில் குதிரை ஒன்றின் பின்னால் ஒன்றாக வாழைத்தார் ஆட ஆட வரும் காட்சியை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெரியப்பாவுக்கு அந்த வேகம் போதவில்லை. ராணுவ டிஸ்போசல் ஏலத்தில் எடுத்த ஒருவரிடமிருந்து ஒரு ஜீப்பை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். நான் அப்போது ஆறாம் வகுப்பு.

அது இரண்டாம் உலகப் போரில் செய்த வண்டி. தகரக் கதவுகூடக் கிடையாது; ஏறி உட்கார வேண்டியதுதான். கண்ணாடியை மடக்கி பானெட் மேல் சாய்த்துவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலே, ஸ்டீரிங் இடது பக்கம். அமெரிக்காக்காரன் அவன் ஊர் வழக்கத்துக்குச் செய்தது. திண்டுக்கல்லில் அந்த ஒரு வண்டிதான் அப்படி என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் அது ஒன்றுதான்.

இடது கை வண்டியில் பெரிய சங்கடம், முன்னால் போகும் வண்டியைத் தாண்டுவது. ஓட்டுகிறவர் ரோட்டோரமாக உட்கார்ந்திருக்கிறார். முன்னே வைக்கோல் வண்டி போனால் அதற்கு அப்பால் எதிரே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது. அதனால் வலப்பக்கம் உட்காரும் ஆள் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், பயந்த சுபாவம். எதிரே ஒரு கிலோமீட்டர் தள்ளி சைக்கிள் வந்தாலும் "வேண்டாம் வேண்டாம்" என்பார். அதனால் அந்த வேலை எனக்கு வந்தது. நத்தம் ரோட்டில், சிறுமலைப் பிரிவு வரும் வரைக்கும் மாட்டுவண்டிகள் வரிசையாகப் போகும். கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி உடம்பை வெளியே நீட்டி, "வரலாம் பெரியப்பா!" என்பேன். அவர் மறுபேச்சில்லாமல் ஆக்சிலேட்டரை மிதிப்பார். பதினோரு வயசுப் பையன் சொல்லை நம்பி வண்டியை ஒடிக்கிற மனிதரை அதற்கப்புறம் நான் கண்டதில்லை.

அந்த வண்டியை முதல் முறை நம் ஊர் வண்டியாகப் பதிய வேண்டும். ராணுவத்திலிருந்து வந்த காகிதம் ஒரு பக்கம் இருந்தாலும், சேஸ் நம்பரை பென்சில் பிரிண்ட் எடுத்து மனுவோடு ஒட்டிக் கொடுக்கச் சொன்னார்கள். வண்டியின் முன்பக்கம் யாரோ ஒரு ஆங்கிள் இரும்பை பம்பரோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பெரிய ஆள் கை அதற்குள் நுழையாது. "இவன் கை போகும்" என்று பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

ராத்திரி நேரம். அரிக்கேன் விளக்கை அண்ணன் பிடித்துக்கொண்டார். சீமெண்ணெய் நனைத்த துணியால் பெரியப்பா துடைத்த இடத்தில் நான் தாளை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தேன். எண்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. கைக்குள் ஒரு மீன் துள்ளுகிற மாதிரி இருந்தது. "கசங்காம வை. காலையில ஆபீசுக்குக் கொண்டு போகணும்" என்று சொல்லிவிட்டு பெரியப்பா சாப்பிடப் போய்விட்டார்.

இது ஒரு காட்சி. இதை இங்கே நிறுத்திவிட்டு ஐம்பது வருஷத்துக்கு மேல் தாண்டி வந்துவிடுகிறேன்.

பெரியப்பா போனார். மலைத் தோட்டம் கை மாறியது. அண்ணனும் போய்விட்டார். ஜீப் மட்டும் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நின்றது. அதன் மேல் நெல் மூட்டை அடுக்கினார்கள், பழைய கட்டில் போட்டார்கள், ஒரு காலத்தில் கோழி அடைகாத்தது. எடைக்குப் போடாமல் வைத்திருந்தது அண்ணிதான். "அவர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடிச்ச வண்டி" என்பார். ஓட்டினார் என்று சொல்ல மாட்டார். அண்ணன் அதை ஓட்டியதே இல்லை.

அண்ணன் மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறவன். ஒரு நாள் போன் செய்தான். "சித்தப்பா, ஐம்பது வருஷம் தாண்டின வண்டிக்குத் தனியா சட்டம் வந்திருக்கு, தெரியுமா?"

எனக்குத் தெரியாது. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் சேர்த்ததாம். முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் ஆன இரண்டு சக்கர, நாலு சக்கர வண்டிகள், சொந்த உருவத்திலேயே இருந்தால், 'விண்டேஜ்' என்று பதியலாம். சேஸிலோ பாடியிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய். பத்து வருஷத்துக்குச் செல்லும். அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை 5,000 கட்டி நீட்டிக்கலாம். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்கு அடுத்து 'வி.ஏ.' என்று வரும். தினப்படி ஓட்ட முடியாது. கண்காட்சிக்கு, பழைய கார் ஊர்வலத்துக்கு, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று எடுத்துப் போகலாம். வாடகைக்கு விடக் கூடாது.

"ஏற்கெனவே பதிஞ்ச வண்டின்னா பழைய நம்பரையே வச்சுக்கலாமாம்" என்று அவன் சொன்னபோது குரலே மாறிவிட்டது. எங்கள் ஜீப்பின் நம்பர் எம்.எஸ். என்று தொடங்குவது. 1969-ல் தமிழ்நாடு என்ற பெயர் வருவதற்கு முந்தைய எழுத்து. அன்றைக்கு திண்டுக்கல் தனி மாவட்டம்கூட இல்லை. 1985-ல்தான் மதுரையிலிருந்து பிரித்தார்கள். இப்போது எங்கள் ஊர் வண்டிகள் எல்லாம் டி.என். 57. அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு எம்.எஸ். பிளேட் ஓடினால் எப்படி இருக்கும் என்று எனக்கும் ஒரு ஆசை வந்தது. பெரியப்பா எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

ஆர்.சி. புக் அண்ணியின் டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடைத்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. உள்ளே கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. 'வில்லிஸ் ஜீப்' என்று போட்டு ஆறு இலக்கத்தில் ஒரு சேஸ் நம்பர். வண்டியில் அந்த நம்பரைக் காட்டினால் மேற்கொண்டு பார்க்கலாம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். நியாயம்தானே. புத்தகம் ஒரு வண்டியைச் சொல்கிறது. கொட்டகையில் நிற்பது அந்த வண்டிதானா என்று இரும்பு அல்லவா சொல்ல வேண்டும்?

நம்பர் இல்லை.

அண்ணன் மகன் ஒரு வாரம் தேடினான். வில்லிஸ் ஜீப்பில் முன்பக்க இடது சட்டத்தின் உட்புறம் ஒரு சின்னத் தகடு ரிவிட் அடித்திருப்பார்கள், அதில்தான் நம்பர் இருக்கும் என்று படித்து வைத்திருந்தான். தகடும் இல்லை, ரிவிட் ஓட்டையும் இல்லை. டாஷ்போர்டில் இருக்க வேண்டிய விவரத் தகடுகளும் என்றைக்கோ போய்விட்டன. கடைசியில் எனக்கே போன் வந்தது. "நீங்கதானே சித்தப்பா அன்னைக்கு பிரிண்ட் எடுத்தீங்க? எங்க இருந்துச்சு?"

நான் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினேன். கொட்டகையில் வண்டியைப் பார்த்ததும் அடித்துச் சொன்னேன்: வலது பக்கம். அரை நாள் வலது பக்கச் சட்டத்தை இஞ்ச் இஞ்சாகச் சுரண்டினார்கள். ஒன்றும் இல்லை. அப்புறம்தான் யோசித்தேன். அந்த வண்டியில் எனக்கு எல்லாமே வலது பக்கம்தான். ஆயிரம் தடவை வலது பக்கம் ஏறி, வலது பக்கம் தொங்கி, வலது பக்கம் குதித்தவன். ஒரே ஒரு ராத்திரி இடது பக்கம் கையை விட்டதை மனசு தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருக்கிறது.

அப்போது வந்து சேர்ந்தார் பேகம்பூர் பாய். எழுபது வயசு மெக்கானிக். பட்டறையை மகன் கையில் கொடுத்துவிட்டு ஓய்வாக இருக்கிறவரை, பழைய ஜீப் என்றதும் மகனே ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். பாய் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. முன்னால் குந்தி உட்கார்ந்து, ரேடியேட்டருக்குக் கீழே இரண்டு சட்டத்தையும் சேர்க்கிற குறுக்குக் கட்டையைக் கையால் தடவினார்.

"இது வில்லிஸே இல்ல தம்பி. ஃபோர்டு."

எல்லாரும் முழித்தோம். "வில்லிஸ்னா இது உருண்டைக் குழாயா இருக்கும். இது பெட்டி மாதிரி சதுரமா இருக்குது பாருங்க. ஒரு போல்ட்டைத் துடைங்க." துடைத்தோம். போல்ட் தலையில் குட்டியாக, சுருட்டி எழுதிய ஒரு ஆங்கில எஃப். இன்னொன்றைத் துடைத்தோம். அதிலும் எஃப். ஹென்றி ஃபோர்டின் கம்பெனி போல்ட் போல்ட்டாகத் தன் பெயரின் முதல் எழுத்தை அடித்து வைத்திருந்தது. ஐம்பது வருஷமாக எங்கள் வீட்டில் வில்லிஸ் என்று கூப்பிட்ட வண்டி, பதிலுக்குத் தன் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. யாரும் குனிந்து கேட்கவில்லை.

விஷயம் இதுதான். போர்க்காலத்தில் ஜீப்பின் தேவைக்கு வில்லிஸ் கம்பெனியால் மட்டும் ஈடு கொடுக்க முடியவில்லை. அதே வரைபடத்தைக் கொடுத்து ஃபோர்டையும் செய்யச் சொன்னது அமெரிக்க ராணுவம். வில்லிஸ் சுமார் 3,60,000 வண்டி செய்தது. ஃபோர்டு சுமார் 2,80,000. ஒன்றின் உதிரி பாகம் இன்னொன்றில் மாட்டும். ஃபோர்டு தன் வண்டிக்கு வைத்த அடையாளம் ஜி.பி.டபிள்யூ. 'ஜி' என்றால் அரசாங்க வண்டி, 'பி' என்றால் 80 அங்குலச் சக்கர இடைவெளி, 'டபிள்யூ' என்றால் வில்லிஸ் வடிவமைப்பு. போர் முடிந்ததும் நம் ஊரில் மஹிந்திரா வில்லிஸ் ஜீப்பைக் கொண்டுவந்து பூட்ட ஆரம்பித்தது. அதனால் ஜீப் என்றாலே வில்லிஸ் என்றாகிவிட்டது, டால்டா, ஜெராக்ஸ் மாதிரி.

"ஃபோர்டுல தகடு கிடையாது. இரும்பு மேலயே அடிச்சிருப்பாய்ங்க" என்றார் பாய். "இடது சட்டம். உட்பக்கம் இல்ல, மேல் முகத்துல. பம்பருக்கும் ஷாக் அப்சார்பர் மாட்டுற இடத்துக்கும் நடுவுல."

அங்கே இரும்பே தெரியவில்லை. அரை அங்குலத்துக்கு மண்ணும் கிரீசும் கலந்து அப்பிக் கல்லாகிக் கிடந்தது. சிறுமலைச் செம்மண். ஏன் இத்தனை மண் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றலாம். திண்டுக்கல்காரர்களுக்குத் தோன்றாது. தண்ணீர்க் கஷ்டத்துக்குப் பயந்து இந்த ஊருக்குப் பெண் கொடுக்க யோசித்த காலம் அது. ராத்திரி இரண்டு மணிக்குக் குழாயடியில் குடத்தை வரிசை போட்டுவிட்டுத் தூங்குகிற ஊரில் ஜீப்பைக் கழுவுகிறேன் என்று யாராவது கிளம்பினால் அடிதான் விழும். எப்போதாவது தோட்டத்து ஓடையில் இரண்டு வாளி அடித்து ஊற்றுவார்கள், அதுவும் மேலுக்கு. அடியில் மண் ஏறிக்கொண்டே போனது. அந்த மண்ணும் கசிந்த ஆயிலும்தான் இத்தனை வருஷம் துரு ஏறாமல் இரும்பைக் காப்பாற்றியிருக்கிறது என்று பாய் சொன்னார். கழுவிக் கழுவி வைத்திருந்தால் நம்பர் என்றைக்கோ போயிருக்குமாம்.

நடுவில் ஒரு ஆள் வந்தார். பழைய வண்டி வாங்கி விற்கிறவர். "எதுக்குங்க இந்தப் பாடு? புக்குல நம்பர் இருக்குல்ல, அதைப் பார்த்து அடிச்சுத் தந்துடறேன். துருவும் வச்சுத் தந்துடறேன்" என்றார். பாய்க்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. நம்பர் தேய்ந்து போனால் அலுவலகத்தில் மனு போட்டு, அவர்கள் அனுமதியோடு அடிப்பதுதான் முறை. தானாக அடித்துக்கொள்வது திருட்டு வண்டிக்காரன் வேலை. "என் கையால தொட்ட வண்டி. அதுல கள்ள நம்பர் ஏறுச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு தொழுகைக்குப் போவேன்?" என்றார். அந்த ஆள் டீ கூடக் குடிக்காமல் போனார்.

மண்ணைக் கரைக்கச் சீமெண்ணெயில் நனைத்த துணியை ஒரு ராத்திரி முழுக்கப் போட்டு வைத்தோம். காலையில் மரக் குச்சியால் நெம்பினால் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. கம்பி பிரஷ் போடக் கூடாது, உப்புத்தாள் கூடாது, பல் தேய்க்கிற பழைய பிரஷ் மட்டும்தான் என்று பாய் உத்தரவு. ஜி, பி, டபிள்யூ மூன்றும் தெரிந்தன. எண்களும் தெரிந்தன. புத்தகத்தில் இருந்தது போலவே முதல் இரண்டு. மூன்றாவது இடத்தில் வழக்கு.

புத்தகம் எட்டு என்றது. வண்டியில் அது எட்டு மாதிரியும் இருந்தது, மூன்று மாதிரியும் இருந்தது. இடப்பக்கம் ஒரு பள்ளம். அடித்த பள்ளமா, துரு தின்ற பள்ளமா? அண்ணன் மகன் எட்டு என்றான், அவனுக்கு எட்டாக இருக்க வேண்டும். பாய் சும்மா இருந்தார். என்ஜின் நம்பரை வைத்துச் சரிபார்க்கலாமா என்றால், அது பெரியப்பா காலத்திலேயே வேறொரு டிஸ்போசல் ஜீப்பிலிருந்து எடுத்து மாட்டியது. அதே ஜாதி என்ஜின்தான், ஆனால் சாட்சிக்கு உதவாது.

இந்தக் காலத்து வண்டியாக இருந்தால் இந்தப் பிரச்சினையே வராது. 1981 முதல் அமெரிக்காவில் 17 இலக்க முறை வந்தது. ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகளே அதில் கிடையாது. ஒன்றோடும் சைபரோடும் குழம்புமாம். அங்கே ஒன்பதாவது இடத்தில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் வேறு. மற்ற எழுத்துகளையும் எண்களையும் வைத்துக் கணக்குப் போட்டால் அந்த இலக்கம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தப்பு. முப்பது வருஷம் வங்கியில் கூட்டல் சரிபார்த்தவன் என்பதால் இந்த ஏற்பாட்டைக் கேட்டதும் எனக்கு மனசுக்கு இதமாக இருந்தது. போர்க்களத்துக்கு வண்டி அனுப்பும் அவசரத்தில் இருந்தவனிடம் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியுமா?

"இதுக்கு வண்டிக்காரன் ஆக மாட்டான். பூட்டுக்காரனைக் கூப்பிடுங்க" என்றார் பாய் கடைசியில்.

எங்களுக்கு அது ஏன் தோன்றவில்லை என்று இன்னும் வெட்கமாக இருக்கிறது. திண்டுக்கல் பூட்டு என்றால் உலகத்துக்கே தெரியும். 2019-ல் புவிசார் குறியீடுகூடக் கொடுத்துவிட்டார்கள். நாகல் நகரைச் சுற்றி நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, சாயங்காலம் தெருவில் நடந்தால் அரம் தேய்க்கிற சத்தம் வீட்டுக்கு வீடு கேட்கும். மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு என்று திண்ணையில் காயப் போட்ட மாதிரி பரப்பி வைத்திருப்பார்கள். கோயிலுக்கும் கிடங்குக்கும் செய்கிற பூட்டில் உடையவர் பெயர் எழுத்தையும் எண்ணையும் பஞ்ச் வைத்து அடித்துத் தருவார்கள். இரும்பில் எழுத்து அடிக்கிறதுதான் அவர்கள் பிழைப்பு. இப்போது அரச் சத்தம் கேட்கிற வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். நல்லவேளை, அந்த விரல்களில் ஒன்று எங்கள் அடுத்த தெருவில் இருந்தது.

ஆசாரி வந்தார். ஒல்லியான மனிதர், கண்ணில் தடிமனான கண்ணாடி. வந்ததும் டார்ச்சை மேலேயிருந்து பிடித்திருந்த அண்ணன் மகனைப் பார்த்து, "தலையில அடிக்காதீங்க தம்பி, படுக்கப் போட்டு அடிங்க" என்றார். வெளிச்சத்தைச் சட்டத்தோடு சட்டமாகச் சாய்த்ததும் எண்களின் ஓரத்தில் நிழல் விழுந்தது. சட்டைப் பையிலிருந்து பழனித் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார். கும்பிடப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு சிட்டிகை எடுத்து எண்கள் மேல் தூவி, பெருவிரலால் அழுத்தித் தேய்த்து, மேலாக ஒரு ஊது ஊதினார். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது. கறுத்த இரும்பில் கோலம் போட்டது போல ஆறு எண்கள்.

அப்போதும் மூன்றாவது எண்ணின் இடப்பக்கம் வெள்ளையாகத்தான் இருந்தது. "எட்டுதான்" என்றான் அண்ணன் மகன்.

ஆசாரி பதில் சொல்லவில்லை. ஒரு கோணி ஊசியை எடுத்து, முனையை எண்ணின் மேல் வளைவில் வைத்து, அழுத்தாமல் தள்ளினார். ஊசி அதுவாகவே பள்ளத்தில் வளைந்து ஓடியது. நடுவில் உள்ளே நுழைந்து, வெளியே வந்து, கீழ் வளைவில் இறங்கி, ஓர் இடத்தில் முட்டி நின்றது. திருப்பித் தள்ளினார். வந்த வழியே போய் மேலே ஒரு முனையில் முட்டி நின்றது.

"எட்டா இருந்தா ஊசி நிக்காதுங்க. சுத்திச் சுத்தி வரும். இது ரெண்டு முனையிலயும் சுவர் இருக்கு. பஞ்ச் அடிச்ச தடம் வழவழன்னு இருக்கும். அந்தப் பக்கம் இருக்கற பள்ளம் சொரசொரன்னு இருக்கு, நீங்களே பாருங்க." ஊசியை என் கையில் கொடுத்தார். தள்ளிப் பார்த்தேன். நிறையப் பேர் என்னைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். ஊசி முட்டி நின்ற அந்தக் கணத்தில் எனக்கு அரிக்கேன் விளக்கு ஞாபகம் வந்தது.

நிறுத்தி வைத்த காட்சியின் மீதி இதுதான். பெரியப்பா சாப்பிடப் போன பிறகு தாளை விளக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எல்லா எண்ணும் நன்றாக விழுந்திருந்தன. மூன்றாவது மட்டும் ஒரு பக்கம் இல்லாத எட்டாக எனக்குத் தெரிந்தது. நான் சரியாகத் தேய்க்கவில்லை, காலையில் திட்டு விழும் என்று பயந்தேன். மறுபடி கையை விட இருட்டில் தைரியம் இல்லை. உள்ளே தேள் இருக்கும் என்று அண்ணன் வேறு சொல்லியிருந்தார். ரப்பரின் முனையால் கரியை அழித்து, இரண்டே இரண்டு வளைவு. அவ்வளவுதான். சுற்றிலும் இருந்த கரி மேல் கொஞ்சம் விரலால் இழுகிவிட்டேன், ஒட்டுத் தெரியாமல் இருக்க.

பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். அந்த இரும்புக்குள் அவர் கையும் போகவில்லை. எந்த ஊர் அலுவலகம் என்றெல்லாம் எழுத வேண்டாம். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. தாளைப் பார்த்து, "அச்சு மாதிரி எடுத்திருக்கே, யார் எடுத்தது?" என்று கேட்டாராம். பெரியப்பா வீட்டுக்கு வந்து அதை எல்லாரிடமும் சொன்னார். அன்றைக்கு என்னை மட்டும் ஆனந்த விலாசுக்குக் கூட்டிப் போனார். 1957-ல் ஆரம்பித்த பிரியாணிக் கடை. முதலாளி கட்டிய தலைப்பாகையால் தலப்பாக்கட்டி என்ற பெயர் நின்றுவிட்டது. சீரக சம்பா அரிசியும் பொடிக் கறியும். வாழ்க்கையில் நான் முதல் முதலாகச் செய்த கள்ளக் கையெழுத்துக்குக் கிடைத்த கூலி அது. இத்தனைக்கும் நான் அதை மறந்தே போயிருந்தேன். வலது பக்கம் என்று அடித்துச் சொன்ன அதே மனசுதானே இதையும் மறைத்து வைத்திருக்கும்.

சுற்றி நின்றவர்களிடம் சொல்லிவிட்டேன். பாய் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் மகன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்குப் பத்திரம் எழுத வேண்டிய கவலை.

புத்தகத்தில் உள்ள எண்ணுக்கும் வண்டியில் உள்ள எண்ணுக்கும் ஏன் வித்தியாசம் என்று அஃபிடவிட் கொடுக்கச் சொன்னார்கள். நோட்டரி வக்கீல் அலுவலகத்தில் டைப் செய்கிற பெண் 'எழுத்துப் பிழை காரணமாக' என்று அடித்து வைத்திருந்தார். "அது யாரோ செய்த பிழை மாதிரி இருக்கிறது, நான் செய்தது என்று போடுங்கள்" என்றேன். வக்கீல் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அப்ப உங்களுக்கு என்ன வயசு?" பதினொன்று என்றேன். "மைனர். நீங்க செஞ்சது கணக்குல வராது சார்" என்று சொல்லிவிட்டு, தாளை டைப் செய்கிற பெண்ணிடமே திருப்பிக் கொடுத்தார். கடைசியில் 'அக்காலத்தில் எடுக்கப்பட்ட பென்சில் பிரதியின் தெளிவின்மையால்' என்று ஒரு வாக்கியம் வந்தது. தெளிவு இல்லை என்று யார் சொன்னது? அச்சு மாதிரி இருந்த பிரதி அது. வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

ஓட்டிக்கொண்டு போக முடியாதே. லாரியில் ஏற்றித்தான் பரிசோதனைக்குக் கொண்டு போனோம். வந்த அதிகாரி சின்ன வயசுப் பெண். சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு தயக்கமும் இல்லாமல் சட்டத்தின் பக்கம் குந்தி உட்கார்ந்தார். முன்னால் இருந்த ஆங்கிள் இரும்பைக் கழற்றியாகிவிட்டது, கை தாராளமாகப் போயிற்று. தன் பென்சிலை எடுத்து, தானே தேய்த்து, தாளை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூணு" என்றார். எழுதிக்கொண்டார்.

பிறகு எழுந்து வண்டியைச் சுற்றி வந்தார். போல்ட்டில் இருந்த எஃப்-ஐ அண்ணன் மகன் காட்ட, அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார். ஸ்டீரிங் பக்கம் வந்ததும் நின்றார். "லெஃப்ட் ஹேண்ட் டிரைவ். சட்டப்படி மெக்கானிக்கலாவோ எலெக்ட்ரிக்கலாவோ சிக்னல் கருவி இருந்தாத்தான் பொது ரோட்டுக்கு வரணும், தெரியும்ல?"

"இருக்குங்க மேடம், எலெக்ட்ரிக்" என்று அண்ணன் மகன் புதிதாக மாட்டிய மஞ்சள் விளக்கைப் போட்டுக் காட்டினான். டிக் டிக் என்று எரிந்தது. அவர் தலையாட்டிவிட்டு அதையும் எழுதினார்.

"முன்னாடி என்ன இருந்துச்சு இந்த வண்டியில?" என்று கேட்டார், எழுதிக்கொண்டே.

நான் அப்போது வண்டியின் வலது பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.